விசாரணைச் சிறைவாசியை மனு பார்ப்பது (சிறையில் நேரில் சந்திப்பது) எப்படி? என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

வினா: வடலூர்க்காரி

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி (வயது 24) ஓர் அடிதடி வழக்கில் கைதாகி நீதிமன்றக் காவலில் இருக்கிறான். முதலில் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள கிளைச் சிறையில் இருந்தவனை இப்போது மத்தியச் சிறைக்கு மாற்றிவிட்டதாக அவனுடைய நண்பர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. இதற்கு முன் காவல் நிலையத்தின் படியைக்கூட மிதித்திராத குடும்பம் எங்களுடையது என்பதால், யாரிடம் போய் என்ன கேட்பது என்பதே புரியாமல் இங்கே எழுதுகிறேன்.

அம்மாவும், தம்பியின் மனைவியும், மூன்று வயதுக் குழந்தையும், நானும் போக விரும்புகிறோம். தம்பி மனைவியின் ஆதாரில் இன்னும் அவளுடைய அப்பா பெயரும் பிறந்த வீட்டு முகவரியும்தான் இருக்கின்றன. மனைவி என்று சொன்னால் ஏற்றுக்கொள்வார்களா? தம்பிக்குச் சிறுவயதிலிருந்தே வலிப்பு நோய் உண்டு; தினமும் இரு வேளை மாத்திரை போட வேண்டும். அதை நாங்கள் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கலாமா? அம்மா அவனுக்குப் பிடித்த மீன் குழம்பு சமைத்து எடுத்துவருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். இணையத்திலேயே நேரம் பதிவுசெய்யலாம் என்கிறார்களே, அது உண்மையா? நீதிமன்ற வளாகத்தில் ஒருவர், பணம் கொடுத்தால் எந்த நாளில் வேண்டுமானாலும் தனியறையில் பார்க்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அதை நம்பலாமா? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: வழக்கறிஞர் தென்பெண்ணை

சகோதரிக்கு வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அந்த நபருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மனு பார்ப்பதற்குப் பணம் கட்ட வேண்டிய தேவையே இல்லை.

உங்கள் தம்பி எந்த வகைப்பாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம் அமையும். தண்டனை பெற்றவர், விசாரணைச் சிறைவாசி, தடுப்புக் காவல் சட்டத்தில் (குற்றம் நடக்காமல் தடுக்கவென்று, வழக்கு விசாரணையின்றி) அடைக்கப்பட்டவர் ஆகிய மூவருக்கும் மனு நாள்களும் எண்ணிக்கையும் வேறுவேறு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவர் விசாரணைச் சிறைவாசி. 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம், 40ஆம் பிரிவில், விசாரணைச் சிறைவாசி யாரைக் காண விரும்புகிறாரோ அவரை உரிய நேரத்தில், உரிய கட்டுப்பாடுகளுடன் அனுமதிக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த வாசகம் சிறைவாசியின் விருப்பத்திலிருந்து தொடங்குவதைக் கவனியுங்கள். நீங்கள் வாயிலில் போய் நிற்பதற்கு முன்பே, உங்கள் நால்வர் பெயரையும் உறவுமுறையையும் தம்பி உள்ளே சொல்லிப் பதிவுசெய்திருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். அடுத்த வாய்தாவில் அவரைப் பார்க்கும் வழக்கறிஞர் மூலமாக இதைச் சொல்லி அனுப்பலாம்.

உச்ச நீதிமன்றம் 1981இல் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில், தடுப்புக் காவலில் இருந்த ஒரு பெண்ணுக்கு மாதம் ஒரு முறை மட்டுமே சந்திப்பு என்றிருந்த விதியைச் செல்லாது என்று அறிவித்து, உறவினரையும் நண்பரையும் காண வாரத்துக்கு இரண்டு முறையாவது அனுமதிக்க வேண்டும் என்றது. குடும்பத்தாரைச் சந்திப்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. ஆகவே சலுகை கேட்கப் போகிறோம் என்ற தயக்கம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் எந்த நாள், எத்தனை மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் சிறைக்குச் சிறை மாறும். புறப்படுவதற்கு முன் அந்தச் சிறைக்கே தொலைபேசியில் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். சென்னையாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. புழலில் தண்டனைச் சிறை, விசாரணைச் சிறை, பெண்கள் தனிச் சிறை என்று மூன்று தனித்தனியாக இருப்பதால், தவறான வரிசையில் காத்திருந்துவிட்டுத் திரும்புபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

தம்பியின் பெயர், அப்பா பெயர், வழக்கின் குற்ற எண், காவல் நிலையம், காவலில் வைத்த நீதிமன்றம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பலர் உள்ளே இருப்பார்கள். குற்ற எண் இருந்தால் தேடுவது எளிது. ஆதாரின் அசலும் நகலும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

இணையப் பதிவு உண்மைதான். தேசியத் தகவலியல் மையம் நடத்தும் இ-பிரிசன்ஸ் தளத்தில் இ-முலாகாத் என்ற பகுதி இருக்கிறது. பார்க்க வருபவரின் விவரம், அடையாள அட்டை எண், சிறையின் பெயர், சிறைவாசியின் பெயர், அவருடைய அப்பா பெயர், வயது ஆகியவற்றை நிரப்பினால் கைப்பேசிக்கோ மின்னஞ்சலுக்கோ ஓர் ஒருமுறைக் கடவு எண் வரும். அதன்பின் கோரிக்கை சிறைக்குப் போய், அவர்கள் ஒப்புதல் தந்த பிறகுதான் சந்திப்பு உறுதியாகும். பதிவு எண் வந்துவிட்டது என்பதற்காக அன்றே பேருந்து ஏறிவிடாதீர்கள். நேரில் வர இயலாதவர்களுக்குக் காணொலிச் சந்திப்பும் அதே தளத்தில் உண்டு.

பதில் 2: தாமிரபரணிக்கரை

என் அண்ணன் தண்டனைச் சிறைவாசியாக இருந்த காலத்தில் மாதந்தோறும் மனு பார்க்கப் போய்வந்தவன் என்ற முறையில், வழக்கறிஞர் ஐயா சொன்னவற்றோடு சில நடைமுறைச் செய்திகளைச் சேர்க்கிறேன்.

காலையில் எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. பெயர் கொடுத்ததும் கணினியில் பதிந்து புகைப்படம் எடுப்பார்கள். பிறகு காத்திருப்பு, அதற்குக் கணக்கே இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் போன்ற தொந்தரவு ஏதேனும் இருந்தால் வரும் வழியிலேயே சாப்பிடச் சொல்லுங்கள், ஏனென்றால் பெயர் கூப்பிடும் நேரத்தில் நீங்கள் தேநீர்க் கடையில் இருந்தால் மறுபடி கூப்பிடுவது அவர்கள் மனநிலையைப் பொறுத்தது. கைப்பேசி, ஸ்மார்ட் வாட்ச், தீப்பெட்டி, வெற்றிலைப் பாக்குப் பொட்டலம் எதுவும் உள்ளே போகாது. கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்ளும் கடைகள் பெரிய சிறைகளுக்கு வெளியே உண்டு. ஆயினும் கூட வருபவர் ஒருவரை வெளியிலேயே நிறுத்திவைப்பதுதான் நிம்மதி.

உள்ளே எப்படி இருக்கும் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர் அதிர்ந்துபோவார். நான் போன சிறையில் இரட்டைக் கம்பி வலை இருந்தது. இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், இடையில் ஒரு காவலர் நடக்கும் அளவுக்கு இடைவெளி. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசும்போது சந்தைக் கடையாகத்தான் இருக்கும். பக்கத்தில் நிற்பவரின் குடும்பச் சண்டை முழுதும் காதில் விழும், அண்ணன் சொல்வது மட்டும் விழாது. இப்போது சில சிறைகளில் கண்ணாடித் தடுப்பும் இன்டர்காமும் வைத்துவிட்டார்கள். அங்கே தெளிவாகப் பேசலாம், ஆனால் ஒருவர் மாற்றி ஒருவர்தான் பேச முடியும். இரண்டிலும் கிடைப்பது சில நிமிடங்கள்தாம். அழுதே அந்த நேரத்தைக் கழித்துவிடுவது எல்லாக் குடும்பங்களிலும் நடப்பது. அடுத்த வாய்தா தேதி, வக்காலத்தில் (வழக்கறிஞரை நியமிக்கும் படிவம்) கையெழுத்து ஆகிவிட்டதா, மாத்திரை கிடைக்கிறதா, யாரேனும் தொந்தரவு செய்கிறார்களா என்ற நான்கையும் நீங்கள் முதலில் கேட்டுவிட்டு, மீதி நேரத்தை அம்மாவிடமும் தம்பி மனைவியிடமும் விட்டுவிடுங்கள். வழக்கின் சாட்சிகளைப் பற்றியோ, சம்பவத்தன்று என்ன நடந்தது என்பதைப் பற்றியோ அங்கே ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். சுற்றி எத்தனையோ காதுகள்.

குழந்தையைக் கூட்டிப்போவது உங்கள் விருப்பம். என் அண்ணன் மகன் வலைக்கு அப்பால் அப்பாவைப் பார்த்துவிட்டு, ஏன் வெளியே வரமாட்டேன் என்கிறார் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். அதற்காகக் கூட்டிப்போகாமல் இருந்திருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அண்ணன் அடுத்த மாதம் முழுவதும் அந்த முகத்தைப் பற்றியே கடிதம் எழுதினான்.

வடலூர்க்காரி (வினா எழுப்பியவர்)

இருவருக்கும் மிக்க நன்றி. மாத்திரை விஷயமும், தம்பி மனைவியின் ஆதார் விஷயமும் இன்னும் குழப்பமாகவே உள்ளன. இன்னொன்று: தம்பி மேல் குண்டாஸ் (குண்டர் தடுப்புக் காவல் சட்டம்) போடப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு அடிபடுகிறது. அப்படி நடந்தால் பார்க்கவே விடமாட்டார்கள் என்கிறார்களே?

பதில் 3: ஓய்வுபெற்ற சிறைப் பணியாளர்

அம்மா, நான் சிறைத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். உள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆதாரில் கணவர் பெயர் இல்லாத பெண்கள் நாள்தோறும் வருகிறார்கள்; அது புதிய சிக்கலன்று. திருமணப் பதிவுச் சான்று இருந்தால் நல்லது. இல்லையெனில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துவாருங்கள். அதில் தாய், தந்தை இருவர் பெயரும் இருப்பதால் அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. சிறைவாசி சொன்ன பெயரும் அதுவும் பொருந்தினால் பெரும்பாலும் தடை இருக்காது. அப்படியும் வாயிலில் மறுத்தால் வாக்குவாதம் செய்யாமல், சிறையின் நல அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். குடும்பங்களுக்காகவே அப்படி ஓர் அலுவலர் இருக்கிறார் என்பது வருபவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

மாத்திரையை மனுவின்போது தம்பியின் கையில் கொடுக்க முடியாது, முயலவும் வேண்டாம். தடை செய்யப்பட்ட பொருளை உள்ளே செலுத்தினாலோ, செலுத்த முயன்றாலோ சிறைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு கொண்டுவந்த மாத்திரை அட்டைகூட வீண் விசாரணைக்கு இடம் தந்துவிடும். மருத்துவரின் சீட்டு, பழைய பரிசோதனை அறிக்கைகள் ஆகியவற்றின் நகலோடு சிறை மருத்துவ அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். மருந்து சிறை மருத்துவமனையிலிருந்தே அவருக்கு வழங்கப்படும். வலிப்புக்கு ஒரு வேளை மருந்து தவறினாலும் ஆபத்து என்பதால் மனு நாள் வரை காத்திருக்காமல், உங்கள் வழக்கறிஞர் மூலம் இன்றே நீதித்துறை நடுவரிடம் மனு செய்து, உரிய சிகிச்சைக்கு உத்தரவு பெறுவது இன்னும் உறுதியானது.

மீன் குழம்பு உள்ளே போகாது என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். விசாரணைச் சிறைவாசி வெளியிலிருந்து உணவு, உடை, படுக்கை பெறலாம் என்று 31ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். வழக்கறிஞர்கள் அதை எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அதே பிரிவு, சோதனைக்கும் துறைத்தலைவர் ஏற்ற விதிகளுக்கும் உட்பட்டு என்றும் சொல்கிறது. சோற்றுக்குள்ளும் பழத்துக்குள்ளும் கஞ்சாப் பொட்டலம் வைத்து அனுப்பியவர்களால்தான் நேர்மையான தாய்மாரின் சாப்பாடும் வாயிலில் நிற்கிறது. அதற்குப் பதிலாக அவருடைய பெயரிலுள்ள பிசிபி கணக்கில் (சிறைவாசியின் செலவுப் பணத்தைச் சிறையில் வைக்கும் கணக்கு) பணம் கட்டுங்கள். அதிலிருந்து சிறை உணவகத்தில் வேண்டியதை வாங்கிக்கொள்வார். சோப்பு, பல்பொடி, உள்ளாடை, அதிக வேலைப்பாடில்லாத இரண்டு செட் உடை ஆகியவற்றை வாயிலில் கொடுத்தால் சோதித்து அனுப்புவார்கள். விசாரணைக் காலத்தில் அவர் சொந்த உடையே அணியலாம்.

உங்களைச் சோதனை செய்வதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐயம் இருந்தால் சோதனையிடச் சிறை அலுவலருக்கு அதிகாரம் உண்டு. மறுத்தால் உள்ளே விடாமல் இருக்கவும் அதிகாரம் உண்டு. ஆயினும் 41ஆம் பிரிவின்படி, சிறைவாசியின் கண்முன்போ மற்றொரு பார்வையாளரின் கண்முன்போ அச்சோதனை நடக்கக் கூடாது. பெண்களைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும்.

பதில் 4: வழக்கறிஞர் தென்பெண்ணை

31ஆம் பிரிவைப் பற்றி ஐயா சொன்னதை ஏற்கிறேன். உடல்நிலை காரணமாக வீட்டு உணவுக்கு நீதிமன்றம் உத்தரவிட்ட வழக்குகள் உண்டு என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் அது மீன் குழம்புக்குப் பொருந்தாது.

குண்டாஸ் பற்றி: தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டத்தில் மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ உத்தரவிட்டால் 12 மாதம் வரை அடைத்துவைக்க முடியும். மனு பார்க்கவே விடமாட்டார்கள் என்பது தவறு. நான் மேலே சொன்ன 1981ஆம் ஆண்டுத் தீர்ப்பே தடுப்புக் காவலில் இருந்தவரைப் பற்றியதுதான். வகைப்பாடு மாறும்போது மனு நாளும் மாறக்கூடும் என்பதால், உத்தரவு வந்த செய்தி தெரிந்ததும் சிறையில் மறுபடி விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்நிலையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. காவலில் வைத்ததற்கான காரணங்களைக் காவலில் வைத்த நாளிலிருந்து 5 நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆவணங்களோடு ஒரு கட்டுப் புத்தகமாகத்தான் அது கைக்கு வரும். அது கிடைத்ததா, எந்தத் தேதியில் கிடைத்தது, எல்லாப் பக்கமும் படிக்கும்படி இருக்கிறதா, தமிழில் இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (காவல் சட்டப்படியானதா என்று கேட்டு விடுவிக்கக் கோரும் மனு) போடும்போது அந்தத் தேதியும் படிக்க முடியாத அந்தப் பக்கங்களுமே பெரும்பாலும் வழக்கைத் தீர்மானிக்கின்றன. வழக்கறிஞர் சிறையில் அவரைச் சந்திக்கும்போது சிறை அலுவலர் பார்வைக்கு எட்டும் தொலைவில் நிற்கலாம், பேச்சு காதில் விழும் தொலைவில் நிற்கக் கூடாது. ஆகவே வழக்கைப் பற்றிய பேச்சை அந்தச் சந்திப்புக்கு விட்டுவிடுங்கள்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். காவலில் இருப்பவர் என்பதாலேயே உங்கள் தம்பிக்கு இலவச வழக்கறிஞர் பெறும் தகுதி உண்டு, வருமானச் சான்று தேவையில்லை. வக்காலத்தில் அவருடைய கையெழுத்தைச் சிறை அலுவலர் சான்றிட்டு அனுப்புவார். அதற்காக நீங்கள் படிவத்தைத் தூக்கிக்கொண்டு மனு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.