அம்மா வேலை பார்த்த இடத்தை நினைவு மலரில் எழுதலாமா?

காட்பாடிவாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வருகிற தை மாசத்தோடு அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க எட்டுப் பக்கத்தில் ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம். எழுதுகிற பொறுப்பு என்னுடையது. அச்சகத்தில் ஒரு மாதிரி கொடுத்தார்கள். தோற்றம், மறைவு, அப்புறம் பாசத்தின் சிகரமே என்று தொடங்கி, யார் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற பத்து வரி. அதில் எங்கள் அம்மா இல்லை.

அம்மா நர்ஸ். அறுபதுகளின் நடுவில் வேலூர் பக்கத்தில் இருக்கிற கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, 2000-இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் வேலை. இதை எழுத வேண்டாம் என்கிறார் அண்ணன். "வேலூரில் செவிலியராக இருந்தாங்கன்னு போடு, போதும். அந்த வியாதி பேரு எதுக்கு?" அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கிறோம். மலர் நாலு வீட்டுக்குப் போகும், குடும்பத்திலேயே அந்த நோய் இருந்ததோ என்று யாராவது நினைத்துவிட்டால் என்ற பயம் அவருக்கு.

அவர் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். நான் மூன்றாவது படிக்கும்போது, அம்மா எங்கே வேலைக்குப் போகிறார் என்று தெரிந்த வாரமே வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். கடைசி நாலு நாள் கிணற்றுக் கயிற்றைக்கூட நாங்கள் தொடக்கூடாது. அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, மாட்டு வண்டியில் சாமான் ஏற்றியது அவர்தான்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரியை எடுத்துவிட்டால் அம்மாவைப் பற்றி நான் என்ன எழுதுவது?

ஒன்று சொல்கிறேன். சாயந்திரமானால் பின்கட்டில் துவைக்கிற கல் பக்கத்தில் அலுமினிய பேசினில் தண்ணீர் வைத்திருப்பார். விளையாடிவிட்டு உள்ளே வருகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. "இன்னா நைனா, காலைக் காட்டு." அப்பாவுக்கு இருபத்திரண்டு வருஷம் சர்க்கரை. அவருக்கு மட்டும் இருபது நிமிஷம் ஊறவைத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுவார். அப்புறம் புறங்கையை அவர் உள்ளங்காலில் மெதுவாக நகர்த்திக்கொண்டே போவார். ஒரு நாள் இடது காலில் கட்டைவிரலுக்குக் கீழே அந்தக் கை நின்றுவிட்டது. "இங்க மட்டும் சூடா இருக்குது." அப்பாவுக்கு வலியே இல்லை. அம்மா எழுந்துபோய் அவர் செருப்பை எடுத்து உள்ளே விரல்விட்டுத் தடவினார். அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு கருவேல முள்ளின் நுனி. ஒரு வாரம் அப்பாவை வாசல்படி இறங்க விடவில்லை.

அப்பா போகும்போது பத்து விரலும் முழுசாக இருந்தன. பேரப்பிள்ளைகளின் கால்களையும் அம்மா கடைசிவரை அப்படித்தான் பார்த்தார். இந்தக் கை எங்கே பழகியது என்று சொல்லாமல் இதை எப்படி எழுதுவது? அந்தக் காலத்தில் கரிகிரியில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலி, சத்துவாச்சாரி

தம்பி, புறங்கை வைத்துச் சூடு பார்ப்பதைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது எங்கள் வார்டுப் பழக்கம். நான் உங்கள் அம்மாவுக்கு ரொம்ப ஜூனியர்.

நிறையப் பேர் நினைக்கிற மாதிரி அந்த நோய் விரல்களைத் தின்பதில்லை. நரம்பைக் கொல்கிறது, வலி போய்விடுகிறது. வலி இல்லாதவர் முள்ளோடேயே நடப்பார், கொதிக்கிற டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருப்பார், அக்னி நட்சத்திரத்தில் வெறுங்காலோடு தார் ரோட்டில் போய்ப் பொத்துப்போன கால்களோடு வருவார். விரல் போவது அந்தப் புண்ணால். இதைக் கண்டு சொன்னவர் டாக்டர் பால் பிராண்ட். மடங்கிப்போன கைகளை வேலூரில்தான் 1948 வாக்கில் ஆபரேஷன் செய்து நிமிர்த்த ஆரம்பித்தார். தூங்கும்போது எலி விரலைக் கடிப்பதுகூட நோயாளிக்குத் தெரியாது என்று கண்டுபிடித்து, வீட்டுக்குப் போகிறவர்களிடம் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். சீனியர்கள் இதை எங்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். இது பரம்பரை நோய் இல்லை. 95 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு இயல்பிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு. 1982 முதல் கூட்டு மருந்து இருக்கிறது, ஆறு மாசமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் குணம், இலவசமாகவே கிடைக்கிறது. கணவனுக்கோ மனைவிக்கோ இந்த நோய் இருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்று சட்டத்திலேயே இருந்தது, அதை 2019-இல் எடுத்துவிட்டார்கள். சட்டமே மாறிவிட்ட பிறகு நாம் ஏன் ஒளிக்க வேண்டும்?

பதில் 2: செருப்புக்காரர் மகன், குடியாத்தம்

என் அப்பா அங்கே செருப்புப் பட்டறையில் இருந்தார். அந்தச் செருப்பில் ஆணி அடிக்கவே கூடாது, பசையும் தையலும்தான். ஆணி கழன்று வந்தால் போட்டிருப்பவருக்குத் தெரியாதே. உள்ளே எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர், பெருவிரலால் அழுத்தினால் அமுங்கி எழும்ப வேண்டும்.

அங்கே ஒரு சிஸ்டர், தைத்துக் கொடுத்த ஒவ்வொரு செருப்புக்குள்ளும் கையை விட்டு ஓரம்வரை தடவிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிக்குப் போட்டுவிடுவாராம். ஒரு தையல் முடிச்சு தட்டுப்பட்டாலும் திரும்பி வந்துவிடும். முதலில் அப்பாவுக்குக் கோபம் வந்திருக்கிறது. பிறகு அவரே கையை விட்டுப் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்பியதில்லை. அந்த சிஸ்டர் உங்கள் அம்மாதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. உயரம் குறைவாக, இடது புருவத்தில் ஒரு தழும்போடு இருப்பார் என்று அப்பா சொல்வார்.

பதில் 3: ஆரணி அக்கா

எல்லாரும் எழுது எழுது என்கிறார்கள். நான் கொஞ்சம் அண்ணன் பக்கம் நிற்கிறேன். மாட்டு வண்டியில் சாமான் ஏற்றிய பையன் இன்னும் அவருக்குள் இருக்கிறான். மருந்து, சட்டம் என்று பேசி அவரை மடக்காதீர்கள். அந்த வீட்டைப் பற்றி அவரையே பேச விடுங்கள், நீங்கள் கேளுங்கள். அப்புறம், வரன் பார்ப்பது அந்தப் பெண்ணுக்குத்தானே? அவளிடம் யாராவது கேட்டீர்களா?

காட்பாடிவாசி:

குடியாத்தம் நண்பரே, உங்கள் பதிலைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். அந்தத் தழும்பு அம்மாவுடையதுதான். சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்தது.

அக்கா, நீங்கள் சொன்னது சரி. நேற்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். மலர் பேச்சையே எடுக்கவில்லை, அந்தப் பழைய வீட்டைப் பற்றிக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசினார். வண்டி கிளம்பும்போது அம்மா வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத்தான் ஏறினாராம். எனக்கு இது தெரியாது. "எதுக்கும்மா அவங்களுக்குக் கோலம்னு கேட்டேன். நாம இருந்த வீடுடான்னாங்க" என்று சொல்லும்போது அண்ணனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

அண்ணன் மகள் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வெளியே வந்து, "ஆயா வேலை செஞ்ச இடத்தைச் சொன்னா வேணாம்னு போற வீடு எனக்கும் வேணாம்பா" என்றாள். அண்ணன் பதில் பேசவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் பண்ணி, "ஆஸ்பத்திரி பேரை முழுசா போடு, பிழை இல்லாம போடு" என்றார். கோலத்தையும் எழுதச் சொன்னார். அந்தப் பக்கத்தை அவரையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மலர் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. குடியாத்தம் நண்பரே, உங்கள் அப்பா தைத்த செருப்பு ஒன்று இன்னும் வீட்டில் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? அம்மா படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

செருப்புக்காரர் மகன், குடியாத்தம்:

ஒரு ஜோடி பரண்மேல் இருக்கிறது. வார் அறுந்திருக்கிறது, அடி நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே கொண்டுவருகிறேன்.