நள்ளிரவு நண்பன் உவமை (லூக்கா 11:5–8): ‘அனாய்தெயா’ யாருடையது?

கேள்வி

நள்ளிரவில் நண்பனின் வீட்டு வாசலில் நின்று மூன்று அப்பங்களைக் கடனாகக் கேட்பவனின் உவமை, சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. உள்ளே படுத்திருப்பவன் நட்புக்காக எழுந்து அவனுக்குக் கொடாவிட்டாலும், வேறொரு காரணத்துக்காவது எழுந்து அவனுக்குத் தேவையானதைக் கொடுப்பான் என்று 8ஆம் வசனம் முடிகிறது. அந்தக் காரணத்தைப் பழைய மொழிபெயர்ப்பு “வருந்திக் கேட்கிறதினிமித்தமாவது” என்றும் திருவிவிலியம் “தொல்லையின் பொருட்டாவது” என்றும் சொல்வதால் அந்த விளக்கம் இயல்பாகவே தோன்றுகிறது. ஆனால் கதையில் அவன் ஒரே ஒரு முறைதான் கேட்கிறான். கதவைத் தட்டியதாகக்கூட எழுதப்படவில்லை. கிரேக்கத்தில் அவ்விடத்தில் உள்ள ‘அனாய்தெயா’ என்னும் சொல்லுக்கு விடாமுயற்சி என்னும் பொருள் உண்டா? அது வெளியே நிற்பவனின் குணமா, உள்ளே படுத்திருப்பவனின் குணமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

சொல்லின் பொருளில் ஐயத்துக்கு இடமே இல்லை. ‘அய்தோஸ்’ என்பது நாணமும் பிறர்முன் கொள்ளும் மரியாதையும் கலந்த உணர்வு. அது இல்லாத நிலையே ‘அனாய்தெயா’, அதாவது வெட்கமின்மை. ஹோமரின் இலியட் காவியத்தின் முதல் காண்டத்திலேயே அகில்லெஸ், அகமெம்னோனை வெட்கமின்மையைப் போர்த்துக்கொண்டவன் என்று ஏசுகிறான். கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் சீராக் 25:22இலும் அது இகழ்ச்சியாகவே வருகிறது. புதிய ஏற்பாட்டிலோ இந்த ஒரே இடத்தில்தான் இச்சொல் காணப்படுகிறது. ஆகவே லூக்காவின் வேறு வசனங்களோடு ஒப்பிட்டுப் பொருளை மென்மையாக்க வழியில்லை. கிரேக்க நூல்களில் இச்சொல் வரும் இடங்களைத் திரட்டி ஆராய்ந்த கிளைன் ஸ்னாட்கிராஸ் 1997இல் வெளியிட்ட கட்டுரையில், இந்த உவமையைச் சார்ந்து எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர்களைத் தவிர்த்தால், பொதுவாக அது தீய பொருளிலேயே வழங்கியது என்று காட்டியிருக்கிறார். விடாமுயற்சி என்பது சொல்லிலிருந்து வந்ததன்று. அடுத்துவரும் 9ஆம் வசனத்தின் “கேளுங்கள், தேடுங்கள், தட்டுங்கள்” என்பதிலிருந்தும், 18ஆம் அதிகாரத்தில் நீதிபதியிடம் நியாயம் கேட்கும் விதவையின் கதையிலிருந்தும் பின்னோக்கி ஏற்றப்பட்டது. இரண்டு கதைகளிலும் ‘தொந்தரவு கொடுப்பது’ என்று பொருள்படும் ஒரே கிரேக்கத் தொடர் (11:7, 18:5) வருவதும் இந்தக் குழப்பத்துக்கு உதவியிருக்கலாம். ஆனால் விதவை திரும்பத் திரும்ப வருகிறாள் என்று லூக்காவே சொல்கிறார். இவனைப் பற்றி அப்படி ஒரு சொல்லும் இல்லை.

பதில் 2

சொல்லின் பொருளைப் பற்றி மேலே உள்ளவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் அது யாருக்கு உரியது என்பதில், உள்ளே இருப்பவனைச் சொல்வோரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 5ஆம் வசனம் “உங்களில் எவன்” என்று தொடங்குகிறது. லூக்காவில் இந்தத் தொடக்கம் “ஒருவனும் இல்லை” என்னும் விடையை எதிர்பார்க்கும் கேள்விக்கு உரியது (11:11, 14:28 காண்க). அப்படியானால் 5 முதல் 7 வரை ஒரே நீண்ட கேள்வி: பயணத்தில் வந்த விருந்தினனுக்காக நண்பன் அப்பம் கேட்கும்போது, கதவு பூட்டியிருக்கிறது, பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள் என்று மறுக்கும் நண்பன் உங்களில் எவனுக்காவது உண்டா? விருந்தோம்பலை மானமாகக் கருதிய ஊரில் அப்படி மறுப்பவன் மறுநாள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. எனவே அவன் எழுவது தன் பெயர் கெடாதிருக்கவே என்று விவிலிய ஆய்வாளர்களான யோவாகிம் ஜெரமியாஸும், பின்னர் 1976இல் கென்னத் பெய்லியும் வாதிட்டார்கள்.

பதில் 3

கேள்வியின் வடிவத்தைப் பற்றிச் சொன்னது சரி. அதிலிருந்து வரும் முடிவை ஏற்க இயலவில்லை. பெய்லியின் வாசிப்புக்கு ‘வெட்கமின்மை’ என்னும் சொல் ‘வெட்கத்துக்கு இடங்கொடாமை’ என்று நேர் எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். கிரேக்கச் சொல் அந்தச் சுமையைத் தாங்காது. அதோடு, “அவனுடைய” எனப்படும் ‘அவுதூ’வைச் சுற்றி நிற்கும் “அவனுக்கு” என்னும் சொற்கள் இரண்டும் கேட்பவனையே சுட்டும்போது, நடுவில் உள்ளதை மட்டும் உறங்குபவன்மேல் ஏற்றுவது வலிந்து கொள்ளும் பொருள். நேரங்காலம் பாராமல் வந்து எழுப்பும் துணிச்சலே இங்கே வெட்கமின்மை. அதற்கு ஒருமுறை கேட்டாலே போதும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் கடவுளிடம் வெட்கமின்றிக் கேட்கலாம் என்று கொள்வதா? உறங்குபவனைக் கடவுளுக்கு ஒப்பிடுவதும் நெருடலாக இருக்கிறதே. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான் என்று ஒரு பழைய விளக்கத்தில் படித்த நினைவும் உண்டு. அது எங்கிருந்து வந்தது?

பதில் 3 எழுதியவர்

அந்தத் தட்டல் இலத்தீனிலிருந்து வந்தது. வுல்காத்தா என்னும் இலத்தீன் விவிலியத்தின் பரவலான பதிப்புகளில் 8ஆம் வசனத்தின் தொடக்கத்தில் “அவன் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால்” என்னும் தொடர் உண்டு. கிரேக்கத்தில் அது இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே வசனத்தில் இலத்தீன் ‘அனாய்தெயா’வுக்கு இட்ட ‘இம்ப்ரோபிதாஸ்’ என்னும் சொல் வெட்கமின்மையைச் சரியாகவே காட்டுகிறது.

நெருடலுக்கு விடை 13ஆம் வசனத்தில் இருக்கிறது. பரலோகத் தந்தை “எவ்வளவு அதிகமாக” கொடுப்பார் என்னும் அங்குள்ள வாதம் ஒப்புமையால் நடப்பதன்று, வேறுபாட்டால் நடப்பது. மனமில்லாமல் எழும் நண்பனே தேவையானதையெல்லாம் கொடுப்பானானால், உறங்காத தந்தையிடம் கேட்பவன் எந்த நேரம் என்று தயங்க வேண்டியதில்லை. 9ஆம் வசனத்தின் ஏவல் வினைகள் நிகழ்கால வடிவில் இருப்பதால் “கேட்டுக்கொண்டே இருங்கள்” என்று பொருள் கொள்வது இலக்கணப்படி தவறாகாது. தொடர்ந்து ஜெபிக்கும் போதனைக்கு அந்த வசனமே போதும், 8ஆம் வசனத்தை அதற்காக வளைக்க வேண்டாம்.