ருக்வா கிணற்றின் 5.5 சதவீத ஹீலியம்: காற்று கழித்ததா, கழிக்காததா?

பாறைநேசன்: தான்சானியாவின் ருக்வா படுகையில் ஹீலியம் ஒன் கம்பெனி தோண்டிய இடும்புலா மேற்கு-1 கிணற்றுச் சோதனை வெறும் விளம்பரம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நாம் மூச்சு விடும் காற்றில் ஹீலியம் 0.0005 சதவீதம்தான். 2024 சோதனையில் அங்கே வந்தது 5.5 சதவீதம், பத்தாயிரம் மடங்குக்கு மேல். இதுவா விளம்பரம்?

குழாய்மணி: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். அந்த 5.5 மாதிரியில் கலந்த காற்றைக் கழித்துப் போட்ட எண். அதை ஏன் மறைக்கிறீர்கள்?

பாறைநேசன்: யார் மறைத்தது? கம்பெனி அறிக்கையிலேயே இருக்கிறது. பூமிக்கடியில் ஆக்சிஜன் தங்காது, பாறையோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். மாதிரியில் ஆக்சிஜன் இருந்தால் அது மேலே வந்தபின் கலந்த காற்று. உதாரணத்துக்கு, காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்; மாதிரியில் 4.2 என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு காற்று. அப்போது கருவி ஹீலியம் 4.4 காட்டினால் உண்மையில் 5.5. பள்ளிக்கூடக் கணக்கு சார்.

குழாய்மணி: பள்ளிக்கூடத்தை எனக்குக் காட்ட வேண்டாம், பதினோரு வருடம் கிணறு தோண்டும் ரிக்கில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன் நான். கிணறு சோதனை என்றால் என்ன தெரியுமா? குழாயை இறக்கி, பாக்கர் என்ற அடைப்பானை உப்ப வைத்து அந்த அடுக்கை மட்டும் தனியாக அடைத்து, வால்வைத் திறந்து ஓட விட்டு, அப்புறம் மூடி, அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று மணிக்கணக்கில் காத்திருந்து பார்ப்பது. அதில்தான் பாறை எவ்வளவு வாயு விடும், எத்தனை நாள் விடும் என்று தெரியும். ருக்வாவில் வாயு வெந்நீரோடு கலந்து வந்தது, ஒரு நாளைக்கு எத்தனை கன அடி என்று கேட்டால் எல்லோரும் சதவீதத்தையே திருப்பிச் சொல்கிறீர்கள், அதுவும் காற்று கழித்த சதவீதத்தை. கத்தார் வாயுவில் ஹீலியம் 0.04 சதவீதம்தான், உலகத்துக்கே விற்கிறார்கள்.

வேதியாள்: கத்தாரை இழுக்காதீர்கள். அங்கே மீத்தேனைத் திரவமாக்கி விற்கிறார்கள், மிச்சத்தில் ஹீலியம் கிடைக்கிறது, செலவை எரிவாயு சுமக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸில் டெக்ஸ்டர் ஊர்க் கிணறு தெரியுமா? 1903இல் ஊரே கூடித் தீ வைத்தது, வாயு எரியவில்லை. 1905இல் வேதியியலாளர்கள் கேடியும் மக்பார்லண்டும் அந்த வாயுவைச் சோதித்தபோது ஹீலியம் 1.84 சதவீதம். அந்த 1.84ஐ அன்று யாரும் கேலி செய்யவில்லை.

குழாய்மணி: அந்த 1.84இல் காற்று கழித்தார்களா?

வேதியாள்: கேள்வியா இது?

குழாய்மணி: கேள்விதான். பதில் இல்லையா?

குண்டூர்ரசிகன்: ஹீலியத்தைக் கண்டுபிடித்ததே நம் நாட்டில், 1868 கிரகணத்தில் குண்டூரில். நாம் ஏன் தான்சானியாவுக்காக அடித்துக்கொள்கிறோம்?

வேதியாள்: அன்று பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் பார்த்தது சூரிய ஒளியில் ஒரு மஞ்சள் கோடு. வாயுவைக் கையில் பிடித்தது 1895இல் வேதியியலாளர் ராம்சே.

குண்டூர்ரசிகன்: அப்படியானால் குத்தாலம்? ஓ.என்.ஜி.சி. எரிவாயுவிலிருந்து ஹீலியம் பிரிக்க கொல்கத்தா சைக்ளோட்ரான் அணு ஆராய்ச்சி மையம் அங்கேதானே சோதனை ஆலை வைத்தது?

பாறைநேசன்: அருவி பக்கத்திலா?

குண்டூர்ரசிகன்: அது குற்றாலம்! நான் சொல்வது மயிலாடுதுறை பக்கத்துக் குத்தாலம். ஊர்ப் பெயர் தெரியாதவர் ருக்வா படுகையை அளக்க வந்துவிட்டார்.

பாறைநேசன்: தவறாகப் படித்துவிட்டேன், அதற்காக இவ்வளவு பேச்சா? போன மாதம் லித்தியம் விவாதத்திலும் இப்படித்தான் என் மேல் பாய்ந்தீர்கள், மறக்கவில்லை. குத்தாலம் வாயுவில் ஹீலியம் 0.1 சதவீதம்கூட இல்லை. ருக்வாவில் 5.5.

குழாய்மணி: காற்று கழித்து.

பாறைநேசன்: சரி, கழிக்காமலே பேசுவோம். யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான வருடம் சிதைந்து பழம்பாறைக்குள் சேர்த்து வைத்த ஹீலியம் அது, எரிமலைச் சூடு அதை அவிழ்த்து விடுகிறது. ஆக்ஸ்போர்டு, டர்ஹாம் பல்கலைக்கழகங்கள் 2016இலேயே 5,400 கோடி கன அடி இருக்கலாம் என்று சொன்னார்கள்.

குழாய்மணி: "இருக்கலாம்." கிணற்றைத் திறந்து ஓட விட்டு அளக்காமல் சொன்னது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைக் குளிர்விக்க ஹீலியத்துக்குப் பதில் "இருக்கலாம்" என்பதை ஊற்ற முடியுமா? ஒரு நாளைக்கு எத்தனை கன அடி, மூடியபின் அழுத்தம் பழைய இடத்துக்கு வந்ததா, தண்ணீர் எவ்வளவு, இந்த மூன்றைப் போடுங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.

பாறைநேசன்: 5.5 போட்டாயிற்றே.

குழாய்மணி: அது காற்று கழித்தது என்று எத்தனை முறை சொல்வது!