லீனியர் போட்டால் குரல் கெடுமா?

அலைவரிசை40:
என் ஹாம் ரேடியோ செட்டோடு லீனியர் (செட்டின் சக்தியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) இணைத்த நாளிலிருந்து ஒரே புகார். 100 வாட்டில் பேசினால் "குரல் கண்ணாடி மாதிரி" என்கிற அதே நண்பர், லீனியரைப் போட்டதும் "தொண்டை கட்டின மாதிரி இருக்கு" என்கிறார். மைக் அதேதான், செட்டும் அதேதான். எஸ்.எஸ்.பி.யில் (கேரியரின் ஒரு பக்கத்தில் மட்டும் குரலை அனுப்பும் முறை) குரலைக் கெடுப்பது லீனியரேதான்.

பழைய_வால்வு:
ஒப்புக்கொள்ள மாட்டேன். வருகிற அலையை அப்படியே பெரிதாக்குவது மட்டும்தான் அதன் வேலை. செட்டிலிருந்து லீனியருக்கு எத்தனை வாட் டிரைவ் கொடுக்கிறீர்கள்?

அலைவரிசை40:
முழு 100. கையேட்டில் 60 போதும் என்றிருக்கிறது, ஆனால் 100 கொடுத்தால்தான் வெளியே 800 வாட் வருகிறது.

பழைய_வால்வு:
அங்கேதான் தப்பு. 60-க்கு மேல் போனால் பீக்குகள் (குரல் அலையின் உச்சங்கள்) மொட்டையாகிவிடும். டிரைவைக் குறைத்து 650 வாட்டில் நிறுத்துங்கள். 800-க்கும் 650-க்கும் வித்தியாசம் ஒரு டெசிபெல்கூடக் கிடையாது. எதிர்முனையில் யாருக்கும் தெரியாது.

இருசுருதி:
வால்வு சார், "அப்படியே பெரிதாக்கும்" லீனியர் உலகத்தில் இல்லை. 500, 700 ஹெர்ட்ஸ் இரண்டையும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். உள்ளே போகிற அளவுக்கும் வெளியே வருகிற அளவுக்கும் உள்ள உறவு நேர்கோட்டிலிருந்து கொஞ்சம் வளைந்தாலே 300, 900 என்று புதிதாக இரண்டு முளைக்கும். இரண்டும் பேச்சின் அகலத்துக்குள்ளேயே விழுவதால் எந்த ஃபில்டராலும் பிடிக்க முடியாது. கரகரப்பு அதுதான். 700, 1900 கொடுத்தால் பிசிறு 3100-லும், கேரியருக்கு (குரலைச் சுமக்கும் அடிப்படை அலையின் இடத்துக்கு) மறுபக்கம் 500 தள்ளியும் விழும். பாவம், பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவர்.

பழைய_வால்வு:
அந்தப் பிசிறில் பெரும்பங்கு 12 வோல்ட் செட்டிலேயே பிறக்கிறது. லீனியர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் செட்டின் அழுக்கையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். எஃப்.எம்.மில் இந்தச் சண்டையே இல்லை. அலையின் உயரம் மாறாது, கிளாஸ் சி (அலையின் உயர மாற்றத்தை அப்படியே காக்காத ஆம்ப்ளிஃபையர் வகை) போட்டாலும் குரலுக்கு ஒன்றும் ஆகாது.

இருசுருதி:
செட்டுதான் காரணம் என்றால் 100 வாட்டில் எப்படிக் கண்ணாடி மாதிரி இருக்கிறது? அலைவரிசை, டிரைவைக் குறைத்துவிட்டு டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும், சக்தியை வெப்பமாக்கிவிடும் சுமை) பேசுங்கள். ஆன்டெனா கழற்றிய ரிசீவரில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்து ஆன்டெனாவில் மட்டும் கெட்டால், அலை திரும்பி வந்து மைக் வயரில் ஏறுகிறது. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அலைவரிசை40:
55 வாட்டுக்கு இறக்கினேன். முக்கால்வாசிக் கரகரப்பு போய்விட்டது. மிச்சம் உரக்கப் பேசும்போது மட்டும் வருகிறது, டம்மி லோடில் அதுவும் இல்லை. மைக் வயரில் ரேடியோ அலை ஏறாமல் தடுக்க அதை ஃபெரைட் வளையத்தில் சுற்றப் போகிறேன். இருந்தாலும் இருசுருதி சொன்ன 300, 900 கணக்கை வால்வு சார் இன்னும் மறுக்கவில்லையே?