அல்பேர்ட் ஜாக்கா: பதக்கத்துக்குப் பிந்திய வாழ்க்கை

அன்பார்ந்த ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

மெல்பேர்ணின் சென் கில்டா கடற்கரையை ஒட்டிச் செல்லும் பெரிய வீதிக்கு அல்பேர்ட் ஜாக்காவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. முதலாம் உலகப் போரில், பிரித்தானியப் பேரரசின் அதியுயர் வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவையைப் பெற்ற முதல் அவுஸ்திரேலியப் படைவீரர் அவர் என்பது இங்கு பலருக்குத் தெரியும். போருக்குப் பின் அவர் பட்ட பாடு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை என்பதாலேயே இம்மடலை எழுதுகிறேன்.

1893இல் பிறந்து, விக்டோரியா மாநில வனத்துறையில் வேலை செய்துகொண்டிருந்த ஜாக்கா, 1914இல் 14ஆவது பட்டாலியனில் சேர்ந்தார். 1915 மே மாதம் துருக்கியின் கலிப்பொலி தீபகற்பத்தில் அவுஸ்திரேலியரின் அகழி ஒன்றின் ஒரு பகுதியைத் துருக்கியர் பிடித்துக்கொண்டபோது, தோழர்கள் ஒருபுறம் எதிரியின் கவனத்தைத் திருப்ப, அவர் மறுபுறமாகச் சுற்றிப்போய்த் தன்னந்தனியாக உள்ளே குதித்து, ஐவரைச் சுட்டும் இருவரைத் துப்பாக்கிக் கத்தியால் குத்தியும் அதை மீட்டார். பின்னர் பிரான்சில் பொசியேரிலும் புல்லெகூரிலும் காட்டிய தீரத்துக்காக மேலும் இருமுறை விருது பெற்றார். 1918 மே மாதம் நச்சுவாயுவும் குண்டுக்காயமும் அவரைக் களத்திலிருந்து அகற்றின.

1919இல் நாடு திரும்பியவர், பழைய படைத்தோழர் இருவருடன் மின்சாதன வியாபாரம் தொடங்கினார். தமது அலுவலகத்தில் தட்டச்சாளராக இருந்த பிரான்சஸ் வெரோனிகா கேரியை 1921இல் மணந்தார். இருவரும் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தனர். 1929இல் சென் கில்டா நகரசபைக்குத் தெரிவாகி, மறு ஆண்டே நகர முதல்வரானார். பொருளாதாரப் பெருமந்தம் ஊரையே உலுக்கிய அந்நாட்களில் அவர் தம் ஆற்றலில் பெரும்பகுதியை வேலையிழந்தோருக்காகவே செலவிட்டார். அதே மந்தத்தில்தான் அவருடைய வியாபாரமும் முறிந்தது. அதன்பின் ஒரு சோப்புக் கம்பெனியின் விற்பனை முகவராக ஊர் ஊராக அலைந்து குடும்பத்தைக் காத்தார். நாடே கொண்டாடிய ஒருவர் அந்த வேலையைத் தயக்கமின்றி ஏற்றதை, அகழிக்குள் குதித்த துணிவுக்குக் குறைந்ததாக என்னால் எண்ண முடியவில்லை.

போர்க்காயங்களால் நலிந்திருந்த உடல் அதற்குமேல் தாங்கவில்லை. 1932 ஜனவரி 17ஆம் திகதி, 39ஆவது வயதில், சிறுநீரக நோயால் காலமானார். அவருடைய பேழையை விக்டோரியா சிலுவை பெற்ற எண்மர் சுமந்தனர். சென் கில்டா மயானத்தில் உள்ள அவரது கல்லறையில் நினைவு வணக்க நிகழ்வு நடப்பதுண்டு. மெல்பேர்ணில் வாழும் நம்மவர்கள் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று கலந்துகொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.