நாம் பார்ப்பது உலகத்தையா, மூளை கட்டும் கதையையா?

அகல்விளக்கு:
புலன்கள் உலகத்தை அப்படியே உள்ளே அனுப்புகின்றன என்று பலர் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், அப்புறம் வலது கண்ணை. எத்தனை முறை மாற்றிப் பார்த்தாலும் கண் நகர்வது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கோ நன்றாகவே தெரியும். கண் தாவும் அந்தக் கணத்தின் காட்சியை மூளை அமுக்கிவிடுகிறது. பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் விழித்திரையில் ஒளியுணர் செல்களே கிடையாது; அந்தக் குருட்டுப் புள்ளியையும் அக்கம்பக்கத்துக் காட்சியை வைத்து மூளையே நிரப்பிக்கொள்கிறது. ஆக, நாம் காண்பது மூளை கட்டும் கதை. உலகம் வெறும் சாக்கு.

நேர்கோடு:
கடைசி வரி ரொம்ப அதிகம். 1942-ல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் மூவரும் இருட்டுக்குப் பழகிய கண்ணைச் சோதித்தார்கள். விழித்திரை 5 முதல் 14 ஒளித்துகள்களை உள்வாங்கினாலே ஒளித்தெறிப்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஒலி இரு காதுகளுக்கும் வந்து சேரும் நேரத்தில் நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நம்மால் சொல்ல முடிகிறது. கதை கட்டுவதற்கு இவ்வளவு துல்லியம் எதற்கு? இது அளவீடு.

அகல்விளக்கு:
அளப்பது சரி, புரிந்துகொள்வது? மெக்கர்க்கும் மெக்டொனால்டும் 1976-ல் காட்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியில் 'பா', திரையில் தெரியும் வாயசைவோ 'கா'. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் காதில் விழுவது 'டா'! கண்ணை மூடினால் மறுபடி 'பா'. விஷயம் தெரிந்த பிறகும் அது மாறுவதில்லை. எங்குமே ஒலிக்காத ஒரு எழுத்து எங்கிருந்து வந்தது?

பொறிபுலன்:
இருவரும் மூளையைச் சுற்றியே பேசுகிறீர்கள். நரம்பு முனையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குத் திறக்கும் டிஆர்பிவி1 என்ற புரதத்தை மிளகாயின் காரப் பொருளான கேப்சைசினும் திறந்துவிடும். அதனால்தான் காரம் 'எரிகிறது'. 1997-ல் இதைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூடிய கண்ணின் ஓரத்தை லேசாக அழுத்துங்கள், வெளிச்சம் தெரியும். தூண்டியது எதுவானாலும் பார்வை நரம்புக்குத் தெரிந்தது வெளிச்சம் ஒன்றுதான். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் உடலியலாளர் யோகான்னஸ் முல்லர் சொன்னது இது.

நேர்கோடு:
நல்ல குறிப்பு. அகல்விளக்கு, நிஜ வாழ்க்கையில் குரலும் உதட்டசைவும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன. இரண்டு சாட்சிகளையும் சேர்த்து விசாரிப்பதுதான் நியாயமான வழி. ஆய்வகம் வேண்டுமென்றே அவற்றை முரண்பட வைத்தது, அவ்வளவுதான். பிறவிப் பார்வைக்குறைவு அறுவை சிகிச்சையால் நீங்கிய பிள்ளைகளைப் பற்றி 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. கையால் தொட்டுப் பார்த்த பொருளை உடனே கண்ணால் அடையாளம் காண அவர்களுக்கு வரவில்லை. ஆனால் சில நாட்களிலேயே அந்தத் திறமை வளரத் தொடங்கியது. உலகம் வெறும் சாக்கு என்றால் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

அகல்விளக்கு:
அது என் கட்சிக்குத்தான் வலுச் சேர்க்கிறது. கண் திறந்ததும் ஒளி உள்ளே வந்துவிட்டது, உருவம் புரியவில்லை. இடையில் மூளை ஏதோ கட்ட வேண்டியிருந்தது அல்லவா?

நேர்கோடு:
கட்டியது, மறுக்கவில்லை. எதை வைத்துக் கட்டியது என்பதுதான் கேள்வி. தொட்டால் தட்டுப்படும் நிஜப் பொருளை வைத்துத்தானே?

அகல்விளக்கு:
அப்படியானால் கை துண்டிக்கப்பட்டவருக்கு, இல்லாத அந்தக் கையின் விரல்கள் வலிக்கின்றனவே. அங்கே தட்டுப்பட எந்தப் பொருள் இருக்கிறது? விரலிலிருந்து செய்தி வர வழியே இல்லை, வலி மட்டும் நிஜம். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பொறிபுலன்:
வெட்டுப்பட்ட நரம்பின் முனை தானாகவே சமிக்ஞை அனுப்புவதுண்டு. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேசுங்கள்.