லட்டின் மஞ்சள் மலத்தில தெரியாது, கேக்கின் நீலம் மட்டும் தெரியுது. ஏன்?

முன்பள்ளி ஆசிரியை, மல்லாவி:
நீல ஐசிங் கேக் சாப்பிட்ட பிள்ளையளுக்கு அடுத்த நாள் மலம் பச்சையாப் போகுது எண்டு தாய்மார் பயப்படுகினம். திருவிழாவில கேசரிப் பவுடர் போட்ட லட்டும் சிவப்புச் சர்பத்தும் வயிறு முட்டச் சாப்பிட்டாலும் ஒண்டும் தெரியிறேல்ல. அந்தக் கலர் எங்க போகுது?

உயர்தர உயிரியல் ஆசிரியர், கிளிநொச்சி:
டீச்சர், அந்த மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் அசோச் சாயங்கள்: ஈ102 டார்ட்ராசின், ஈ110, ஈ122, ஈ124, ஈ129 (ஈ எண்டது லேபலில போடுற சாய இலக்கம்). ரெண்டு நைதரசன் அணுக்களுக்கு நடுவில இருக்கிற இரட்டைப் பிணைப்பில தான் கலர் தங்கியிருக்கு. சிறுகுடல் இதுகளை உறிஞ்சிறது குறைவு, பெருங்குடல் வரை வந்து சேரும். அங்க ஒட்சிசன் இல்லை. என்ரரோகொக்கஸ், பாக்டீரோயிட்ஸ் போன்ற பற்றீரியாக்கள் அசோரிடக்டேஸ் நொதியத்தால நாலு இலத்திரனைக் குடுத்துப் பிணைப்பை அறுத்துவிடும். டார்ட்ராசின் எண்டால் சல்பனிலிக் அமிலம் ஒரு பக்கம், அமினோபைரசோலோன் மறுபக்கம். மஞ்சள் போயிடும். ஒட்சிசன் இருந்தால் அது இலத்திரனைப் பறிச்சு வேலையைக் கெடுக்கும்.

நீலம் ஈ133 வேற குடும்பம். அசோப் பிணைப்பே இல்லை, அதனால இந்த நொதியத்துக்கு அறுக்க ஒண்டும் இல்லை. அப்பிடியே இறங்கி, பித்தத்தின் மஞ்சளோட சேர்ந்து பச்சையாகும். பச்சை ஐசிங்கில ஈ102உம் ஈ133உம் கலந்திருந்தால் மஞ்சள் மட்டும் அறும், நீலம் மிஞ்சும்.

வயிற்றோட்டம் இருந்தாலோ அன்டிபயோட்டிக் குடிச்சாலோ சிவப்பும் உடையாமல் வரலாம். பற்றீரியாவுக்கு நேரமோ ஆளோ காணாது.

முன்பள்ளி ஆசிரியை, மல்லாவி:
நன்றி சேர். அப்ப உடைஞ்ச துண்டுகள் பிள்ளைக்குக் கூடாதோ?

பொதுச் சுகாதாரப் பரிசோதகர், முல்லைத்தீவு:
அது சாயத்தைப் பொறுத்தது. மேல சொன்ன ஐந்து அசோச் சாயத்திலயும் ரெண்டு துண்டிலயும் தண்ணியில கரைய வைக்கிற சல்பனேற்றுக் கூட்டம் இருக்கு, அதனால கரைஞ்சு கழிஞ்சுபோகும். ஐரோப்பிய வரம்பின்படி டார்ட்ராசின் ஒரு கிலோ உடல் நிறைக்கு ஒரு நாளைக்கு 7.5 மில்லிகிராம், 15 கிலோப் பிள்ளைக்கு 112 மில்லிகிராம் அளவில வரும்.

நான் பயப்பிடுறது லேபல் இல்லாமல் சுருளில கட்டி விக்கிற பவுடருக்குத்தான். அதில மெட்டனில் மஞ்சள் எண்ட இன்னொரு அசோச் சாயம் கலந்திருந்தால், அறுந்த ஒரு துண்டில சல்பனேற்று இல்லை, இலகுவா இரத்தத்துக்குப் போயிடும். உணவில அதுக்கு இடமே இல்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில பார்க்கலாம்: பவுடரை ஒரு சிட்டிகை தண்ணியில கரைச்சு, செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் நாலைஞ்சு துளி விடுங்கோ. கையுறை, கண்ணாடி கட்டாயம், பிள்ளையளைத் தள்ளி நிப்பாட்டுங்கோ. ஊதாச் சிவப்பாகி, தண்ணி விட்டும் மாறாமல் நிண்டால் மெட்டனில் மஞ்சள். உண்மையான மஞ்சள் தூளும் சிவக்கும், ஆனால் தண்ணி விட்டதும் அந்தச் சிவப்புக் கலைஞ்சிடும்.

தாய்மாருக்கு இதையும் சொல்லிவிடுங்கோ: பீற்றூட்டோ சிவப்புச் சாயமோ சாப்பிடாமல் மலம் சிவந்தாலும், தார் போலக் கறுத்தாலும் கேக்கைச் சாட்டி வீட்டில வச்சிருக்காமல் உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கோ.